டார்ச் பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

"பொண்ணு சுமார்தான். காருதான் நல்ல லட்சணமா இருக்குது."

கை கழுவுகிற குழாயடியில் நின்று ஒரு பெரியம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது இது, அக்கா. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் காதில் விழும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா கண்ணு?" என்று நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். ஆச்சு என்றோ ஆகவில்லை என்றோ சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குழாயடியிலிருந்து ஆரம்பித்தால்தான் பதில் சரியாக வரும். பஸ் கிளம்ப நேரம் இருக்கிறது. டிரைவர் இப்போதுதான் டீக்கடைப் பக்கம் போகிறார்.

நான் பொதுவாகப் பேசமாட்டேன். நம்புங்கள். எம்.எஸ்ஸி. இயற்பியல் வைவாவில் விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நின்றவள் நான். தெரியாதவர்களிடம் எப்படியோ பேச்சு வந்துவிடுகிறது. தெரிந்தவர்களிடம்தான் தொண்டையில் எதையோ வைத்து அடைத்த மாதிரி ஆகிவிடும். பேசாததற்குப் பதில் கவனிப்பேன். எல்லாவற்றையும் கவனிப்பேன். அதனால்தான் எதைப் பார்த்தாலும் எனக்கு இவ்வளவு அருவருப்பு.

எங்கள் வீடு வடவள்ளியில். அப்பா கனகசபாபதிக்கு டவுன்ஹால் பக்கத்தில் பம்ப்செட் கடை. பம்ப்செட் விற்கிறவர் பம்ப்செட்டோடு நிற்கலாம் இல்லையா? குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டிக்கொண்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி மலைக்கு லாரியில் வந்தது. சிவப்புக் கார். எனக்கு முன்னால் பிறந்தது. துணிக் கூரை. முன்விளக்குகள் மூடியிருக்கும். பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். இரண்டே சீட்டு. ஒன்றில் அப்பா உட்காருவார். இன்னொன்றில் அப்பாவின் கைப்பை உட்காரும். அம்மா அந்தக் காரில் ஒருமுறைகூட ஏறியது கிடையாது.

அதற்கு அப்பா வைத்த பெயர் தங்கம். என்னைக் கூப்பிடுவது "ஏம்புள்ள". காரைக் கூப்பிடுவது தங்கம். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மாப்பிள்ளை பெயர் நவநீதன். பீளமேட்டில் வார்ப்படத் தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியர். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தது பஜ்ஜித் தட்டை நீட்டிய அந்த நேரம் மட்டும்தான். காரைப் பார்த்தது அதற்கப்புறம் இருட்டுகிற வரைக்கும். வெள்ளைச் சட்டையோடு அடியில் படுத்துக்கொண்டார். எழுந்து வரும்போது நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் கிரீஸ். "மாமா, இது மாதிரி ஒண்ண நான் படத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். காபி ஆறுவதற்குள் அப்பா மாமா ஆகிவிட்டார். ஜாதகம் அதற்கப்புறம்தான் பார்த்தார்கள்.

ஆவணியில் நிச்சயம், கார்த்திகையில் கல்யாணம். நடுவில் இருந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தார். "பாருடி, மாப்பிள்ளைக்கு உன்னப் பாக்காம இருக்க முடியல" என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்தார்கள். அவர் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பது, "இந்த வாரம் ஸ்டார்ட் ஆச்சுங்களா மாமா?"

எனக்குக் கொடுத்த வேலை டார்ச் பிடிப்பது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். தாலி கட்டுவதற்குள் இந்த ஆள் ஒரே ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்து, உனக்கு என்ன வேணும், நீ என்ன நினைக்கிற என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மணையில் உட்கார மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முடிவு முடிவுதான். உங்களுக்கு நான் பிடிவாதக்காரி மாதிரித் தெரிகிறேனா? ஒரு பெண் எதிர்பார்க்கிற குறைந்தபட்சம் அக்கா அது.

முதல் கோளாறு, ஸ்டார்ட் ஆகாதது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். புதிது வாங்கிப் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பல்லி.

"சார்ஜ் நல்லாத்தான் ஏறுதுங்க மாமா. பேட்டரியும் புதுசு. அப்பறம் எப்படி ஒரு வாரத்துல செத்துப்போகுது?"

"எங்கியோ காத்து வாங்குதுங்க மாப்பிள்ளை."

"பேட்டரி எப்படீங்க மாமா காத்து வாங்கும்?"

"எல்லாம் வாங்கும்."

அப்பாவுக்கு எல்லாக் கோளாறும் ஒன்றுதான். தண்ணீர் ஏறாத பம்ப்புக்கு என்ன சொல்வாரோ அதைத்தான் காருக்கும் சொல்வார். அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும் அதைத்தான் சொல்வார்.

அப்போது அந்த ஆள் என் பக்கம் திரும்பி, "தாரணி, நீங்க வாரம் பூரா இது பக்கத்துலயே இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

கேள்வியைப் பார்த்தீர்களா? நிச்சயம் ஆன பெண்ணிடம் முதன்முதலாகக் கேட்கிற கேள்வி பேட்டரியைப் பற்றி! எனக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியும். டேஷ்போர்டில் அம்மா ஒரு கண்ணாடிப் பிள்ளையார் வைத்திருந்தாள். வயிற்றுக்குள் சிவப்பு விளக்கு எரியும். அதன் ஒயரை அப்பாவின் கடை ஆள் நேராகப் பேட்டரியில் முறுக்கி வைத்திருந்தான். காரை நிறுத்தினாலும் பிள்ளையார் எரிந்துகொண்டே இருப்பார். ஊரெல்லாம் தூங்கினாலும் எரிவார். இது தெரிய எம்.எஸ்ஸி. வேண்டாம், கண் இருந்தால் போதும்.

அம்மாவிடம் மட்டும் சமையலறையில் சொன்னேன். "அம்மா, அந்தப் பிள்ளையார் லைட்டுதான் பேட்டரியக் குடிக்குது."

"வாயக் கழுவு. கல்யாணம் கூடி வர்ற நேரத்துல சாமி வெளக்க அணைக்கச் சொல்றியா?"

"கார் நிக்கறப்ப மட்டும்..."

"நம்மள யாராச்சும் கேட்டாங்களா? கேட்டா சொல்லிக்கலாம்."

எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் அக்கா. கேட்டால் சொல்லிக்கலாம். அம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருக்கிறாள். அம்மா சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஒருத்தரும் கேட்கவில்லையே.

புரட்டாசியில் ஆயில் மாற்றினார்கள். இதைச் சொன்னால் உங்களுக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சொல்லட்டுமா? பழைய ஆயிலைப் பிடிக்க வாயகன்ற பாத்திரம் வேண்டும் என்று அப்பா சமையலறைக்குள் வந்தார். கண்ணில் பட்டது இட்லிக் குண்டா. எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் வயிற்றிலிருந்து தார் மாதிரி கறுப்பாக, நூல் நூலாக அதில் இறங்கியது. அப்புறம் அதைக் கொட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அதே இடத்தில் வைத்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். மறுநாள் காலை இட்லியில் பெட்ரோல் பங்க் வாசனை. அம்மா அந்தக் குண்டாவை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துபோய் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அப்பா, "ஏன், நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு புதுக் குண்டாவோடு வந்தார். நம் மாப்பிள்ளைதான். "அத்தை, மாமா போன்ல சொன்னாருங்க. மன்னிச்சுக்கங்க" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மாமியாருக்குப் பாத்திரம் வாங்கித் தருகிற ஆள்! எனக்கு என்ன வாங்கி வந்தார் தெரியுமா? ரப்பர் கையுறை. "டார்ச் பிடிக்கறப்ப கை கறுத்துடுது பாருங்க. சின்ன சைஸ் எங்கயும் கெடைக்கல, தேடித்தான் வாங்கினேன்" என்றார். பூ இல்லை, புடவை இல்லை, ஒரு சாக்லேட் இல்லை. கையுறை. சாக்கடை அள்ளுகிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி. அதுவும் ஒரு பெருமையோடு கொடுத்தார். நான் வாங்கி அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்குக் கார் முழுக்கச் சந்தனம், குங்குமம். காற்று போகிற துவாரத்தில்கூட அம்மா ஒரு பொட்டு வைத்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நசுங்கிய எலுமிச்சம்பழம் சைலன்சர் சூட்டில் வெந்து வந்த வாசனையும், உள்ளே எங்கேயோ ஒரு எலி செத்து அழுகிய வாசனையும் கலந்து... வேண்டாம், விடுங்கள். அந்த எலியைக் கண்டுபிடிக்க மூன்று பேர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பா பன்னீர் தெளித்தார். கடை ஆள் ஊதுவத்தி வைத்தான். அவர் மட்டும் குனிந்து குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டியைக் கழற்றி, கையை முழங்கை வரைக்கும் விட்டு, அதை வாலைப் பிடித்து வெளியே எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு மனுஷன் சிரிக்கிற நேரமா அக்கா அது? கையில் செத்த எலி. நான் உள்ளே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. சீட்டுப் பஞ்சு ஊறிப் புளித்த மாவு வாசனை. ஹெட்லைட் ஒன்று எழும்பும், ஒன்று எழும்பாது. எதிர்வீட்டில் லில்லி டீச்சர், ரிட்டயர்டு தலைமையாசிரியை, கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர்கள். அப்பா காரை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது அவர்கள் வீட்டைப் பார்த்து ஒற்றைக் கண்ணை அடிக்கும்.

"மிஸ்டர் கனகசபாபதி, உங்க வண்டியக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார்கள் ஒருநாள், வாசலில் நின்று.

"காத்து வாங்குதுங்க டீச்சர்."

"எத வாங்கினாலும் வீட்டுக்குள்ள வச்சு வாங்கட்டும்."

அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் நின்றேன். தூறலில் ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச். கடை ஆளைப் பிடிக்கச் சொல்லலாம் இல்லையா? அப்பாவே சொன்னார், "அவன்கிட்டக் குடுங்க மாப்பிள்ளை, புள்ள நனையுது." அதற்கு அவர் சொல்கிறார், "இல்லீங்க மாமா, இவங்க பிடிச்சாத்தான் வெளிச்சம் நான் பாக்கற எடத்துல விழுது. நான் சொல்றதுக்கு முன்னாடியே விழுது."

என்ன அர்த்தம்? நான் ஒரு விளக்குத் தண்டு. நல்ல விளக்குத் தண்டு.

அப்புறம் தலையை வெளியே எடுத்து, மூக்கு நுனியில் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டார். "நீங்க ஃபிசிக்ஸ்தான? லைட்டத் தூக்கற மோட்டார் நல்லாருக்கு, கரண்டும் வருது. என்ன பண்ணலாங்கறீங்க?" மோட்டாருக்கும் கரண்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டி டப்பாவில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. நான் அதன்மேல்தான் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பிடிப்பது? வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டுமா? "தெரியலைங்க" என்றேன். அவர் வெளிச்சம் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த டப்பாவைக் கழற்றிச் சுரண்டினார். இரண்டு கண்ணும் திறந்தன. "தேங்க்ஸ்" என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே.

ஓட்டினால் எங்கிருந்தோ ஒரு கடகடச் சத்தம் வந்தது, அது எங்கே என்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டார், அதற்கும் தெரியலைங்க என்றேன். இப்படியே கார்த்திகை வந்துவிட்டது. கேட்க வேண்டியதை அவர் கேட்கவே இல்லை.

இதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொன்று முடிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு தங்கத்தில்தான். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம்வரை, கூரையைத் திறந்துவிட்டு, அப்பா ஓட்ட, மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பக்கத்தில். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மணப்பெண்ணிடம் எதற்குக் கேட்பது? அலங்காரம் செய்யும்போது நான் மண்டபத்து மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பூக்காரர் சாமந்தி மாலையைச் சரம் சரமாகக் காரின் முன்வாய் முழுவதும் கட்டினார். நடுவில் ரோஜாவில் ஒரு இதயம். ஒரு ஊசி நுழைய இடமில்லை. பந்தல் போட்ட எலெக்ட்ரீஷியன் சீரியல் லைட்டுக்குக் கரண்டு தேடி, ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகிற ஒயரைச் சுரண்டி அதில் சேர்த்தார்.

"இது எதுக்குப் போற ஒயருங்க?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்கோ போவுதுங்க. சின்ன லைட்டுதான், ஒண்ணும் ஆகாது."

அது வேகமாக ஓடுவதற்குச் செய்த கார் அக்கா. ஓடினால்தான் அதற்குக் காற்று. நின்றால் அந்த ஃபேன் ஒன்றுதான் கதி. செண்டை மேளக்காரர்கள் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு முக்கிலும் வட்டமாக நின்று அடிப்பார்கள். பின்னால் இது ஆமை மாதிரி ஊர்ந்து வர வேண்டும், வாயில் பூவை அடைத்துக்கொண்டு. என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அப்போதே தெரியும்.

எனக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது. சாயங்காலம் தலை பின்னுகிறவள் நகர்ந்த நேரம் பார்த்து அம்மாவைக் கதவோரமாக இழுத்தேன்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அம்மா கையில் இருந்த மல்லிகைச் சரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்னடி ஆச்சு?"

"அந்த ஆள் என்னை ஒரு தடவைகூட என்ன நினைக்கிறேன்னு கேக்கல."

"பந்தல் போட்டாச்சு தாரணி. ஊரே வந்திருச்சு."

"உனக்கும் இப்படித்தான இருந்துச்சு? அப்பா உன்னை என்னிக்காச்சும் கேட்டாரா?"

அம்மா சரத்தை என் தலையில் வைத்துக் குத்தினாள். ஊசி தோலில் ஏறியது. "ராத்திரி சாப்பாடு முடியட்டும். நான் அப்பாகிட்டப் பேசறேன்" என்றாள். அம்மா அப்பாவிடம் பேசுவதாவது! ஆனால் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

மேளம் கேட்டதும் பெண்டுகள் எல்லாரும் மாடி வராந்தாவுக்கு ஓடினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். "பொண்ணு தூணுக்குப் பின்னால நில்லு, மாப்பிள்ளை கண்ணுல படக்கூடாது" என்று யாரோ அதட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் கார் வந்துகொண்டிருந்தது. சீரியல் லைட்டு ஏற்கனவே அணைந்துபோயிருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஃபியூஸ் போய்விட்டது, அதோடு ஃபேனும் போய்விட்டது. மண்டபத்து வாசலுக்கு நேர் எதிரே செண்டைக்காரர்கள் கடைசி ஆட்டத்துக்கு வட்டம் போட்டார்கள். சாமந்திக்கு நடுவிலிருந்து மெல்ல ஒரு வெள்ளைப் புகை. ரோஜா இதயம் வெந்து கறுத்தது. அப்புறம் பானட்டின் இரண்டு பக்கமும் புஸ்ஸென்று வந்தது பாருங்கள், முன்னால் நின்ற பையன்கள் எல்லாம் சிதறி ஓடினார்கள். கார் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது.

மேளம் நின்றது. பேச்சு ஆரம்பித்தது.

"கண்ணு பட்டுருச்சு. பூசணிக்காய் கொண்டாங்கப்பா."

"எஞ்சின் சீஸ் ஆயிருக்கும்."

"தள்ளுங்கப்பா, எல்லாரும் ஒரு கை."

"எங்கியோ காத்து வாங்குது" என்று அப்பா சொன்னது மாடிவரைக்கும் கேட்டது.

அந்தக் குழாயடிப் பெரியம்மாவும் அங்கேதான் நின்றிருந்தாள். "நல்ல சகுனமாத் தெரியலையே" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். அவர் கோட்டைக் கழற்றாமலே இறங்கி, மாலையை விலக்கி, பானட்டைத் தூக்கினார். புகைக்குள் முகம் தெரியவில்லை. "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துங்க மாப்பிள்ளை, மூடியத் தொறங்க" என்றார் அப்பா. மாப்பிள்ளை கோட்டுக்கு மேல் போட்டிருந்த பட்டு அங்கவஸ்திரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தார்.

கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? உள்ளே இருக்கிற அத்தனை வெந்நீரும் ஒரே பாய்ச்சலில் முகத்துக்கு வரும். கண், மூக்கு, தோல் எதுவும் மிஞ்சாது. இன்ஜினியருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் ஆண்களுக்குப் படித்தது எல்லாம் மறந்துபோகிறது.

"மூடியத் தொறக்காதீங்க!"

கத்தியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

தெரு முழுக்க மேலே பார்த்தது. நான் தூணுக்கு முன்னால், கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு நின்றிருந்தேன். அம்மா பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வா, உள்ள வாடி."

அவர் கையை எடுத்துவிட்டார்.

வாய் ஒரு தடவை திறந்துவிட்டால் அக்கா, அதற்கப்புறம் மூடத் தெரியவில்லை எனக்கு. மூன்று மாதம் உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. "மொதல்ல அந்த மாலையப் பிச்சு எறிங்க. வண்டி மூச்சு விட வேண்டாமா? சீரியல் லைட்டு ஒயரு ஃபேன் ஒயர்ல இருக்கு, ஃபியூஸ் போயிருக்கும், ஃபேன் சுத்தல. சாவியப் போட்டு ஹீட்டர ஃபுல்லா வைங்க, சூடு கொஞ்சம் அந்தப் பக்கம் வெளிய வரட்டும். தண்ணி ஊத்தாதீங்க, யாரது கொடத்தோட, தள்ளிப் போங்க! ஆறட்டும். அப்பா, எதுவும் காத்து வாங்கல! அந்தப் பிள்ளையாரு ஒயரையும் கழட்டுங்க, அதுதான் பேட்டரியக் குடிக்குது, ஆவணியில இருந்து குடிக்குது! சத்தம் எங்கன்னு தேடினீங்களே, அது முன்னாடி இடது சக்கரம்!"

"பொண்ணுக்கு வாயிருக்குதா!" என்றாள் பெரியம்மா. சத்தமாகத்தான் சொன்னாள் இந்தத் தடவை.

அவர் முகம் முழுக்க வியர்வை. தலையில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தார். "இதெல்லாம் ஏங்க அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டேனேங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேனே."

பார்த்தீர்களா? நாலு பேருக்கு நடுவில் வைத்து எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். அவர் கேட்டது பேட்டரியை, மோட்டாரை, சத்தத்தை. என்னை எங்கே கேட்டார்? எனக்கு வந்த கோபத்தில் கைப்பிடிச் சுவரைக் குத்தினேன். ஒரு டஜன் வளையல் உடைந்து தெருவில் விழுந்தது.

அவர் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், அப்பா பக்கம் எங்கேயும் பார்க்கவில்லை. மாலைகளை இரண்டு கையாலும் பிய்த்து ரோட்டோரம் போட்டார். சாவியைப் போட்டு ஹீட்டரைத் திருகினார். கோட்டோடு அந்த அனலில் நின்றுகொண்டு மறுபடியும் மேலே பார்த்தார்.

"சரிங்க, இனிமே ஒழுங்காக் கேக்கறேன்" என்றார். "தாரணி, உங்களுக்கு என்ன வேணும்? இந்த வண்டிய விடுங்க. உங்களுக்கு."

செண்டைக்காரர் ஒருவர் குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றிருந்தார். எனக்கு வைவாவில் நின்ற மாதிரியே தலை குனியப் பார்த்தது. கேட்கக் கூடாத இடத்தில், கேட்கக் கூடாத நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில். இப்படியா கேட்பார்கள்?

"மொதல்ல அந்த ஃபியூஸைத் தொடாதீங்க" என்றேன். "நீங்க தப்பாப் போடுவீங்க. நானே வந்து பாக்கறேன். மத்தத அங்க வந்து சொல்றேன்."

அவர் தள்ளி நின்று வழி விட்டார்.

அவ்வளவுதான், வராந்தாவில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கல்யாணப் பொண்ணு தெருவுல எறங்கறதாவது. மாப்பிள்ளை அழைப்பு முடியல. தாலி ஏறல. நலங்கு வச்ச ஒடம்பு. மானம் போகுது. ஒரு சித்தி வாசற்படியில் கையை நீட்டி மறித்துக்கொண்டாள். கீழே இருந்து அப்பா அம்மாவைப் பார்த்து, "தெய்வானை, அவளப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போ!" என்று கத்தினார். என் முந்தானை இன்னமும் அம்மாவின் கையில் இருந்தது. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்தபடி கீழே அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் காரைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

முந்தானையை விட்டாள். அறைக்குள் போனாள். என் செருப்பை எடுத்து வந்து, அந்தச் சித்தியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, குனிந்து, என் காலடியில் வைத்தாள்.